ஃபோர்டு மாடல் டி: எப்படி ஓடியது, எங்கே கெட்டது, ஏன் நின்றது

"அசெம்பிளி லைனைக் கொண்டுவந்துதான் ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரை மலிவாக்கினார் என்று எங்கும் படிக்கிறோம். அந்தக் காரில் அதைத் தாண்டி என்ன இருந்தது? ஒன்றரைக் கோடி விற்ற காரை ஏன் நிறுத்தினார்கள்?" என்பது கேள்வி.

முதலில் வரிசையைச் சரிசெய்துகொள்வோம். மாடல் டி விற்பனைக்கு வந்த நாள் 1908 அக்டோபர் 1. நகரும் அசெம்பிளி லைன், அதாவது வேலை நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பூட்டும் முறை, வந்தது 1913-ல். அந்த லைன் முழுதாக ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஃபோர்டு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் காருக்கு மேல் செய்து விற்றுக்கொண்டிருந்தது. கிராக்கி முதலில் வந்தது, அதைச் சமாளிக்கத்தான் லைன் வந்தது. அந்தக் கிராக்கியை உண்டாக்கியது காரின் வடிவமைப்பு. பாகங்கள் குறைவு, எடை குறைவு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த விவசாயியும் கழற்றி மாட்டலாம். இப்படி மிச்சம் பிடித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஓட்டுபவர் ஒரு விலை கொடுத்தார் என்பதும் உண்மை. அதனால் காரின் கதையை அதன் பாகங்கள் வழியாகவே சொல்கிறேன்.

நிறுவனத்தின் முன்கதை சுருக்கமாக. ஃபோர்டு 1896 ஜூனில் குவாட்ரிசைக்கிள் என்ற நாலு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899-ல் தொடங்கிய முதல் நிறுவனம் 1901-ல் மூடப்பட்டது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து 1902-ல் அவரே வெளியேறினார். அது ஹென்றி லீலண்ட் கைக்குப் போய் கேடிலாக் ஆனது. மூன்றாவதுதான் 1903 ஜூன் 16-ல் பதிவான ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையில் இருந்த ரொக்கம் 28,000 டாலர். முக்கியப் பங்குதாரர் அலெக்சாண்டர் மால்கம்சன் ஒரு நிலக்கரி வியாபாரி. கணக்கைப் பார்த்தவர் ஜேம்ஸ் கசன்ஸ். இன்ஜினையும் சேசியையும் (காரின் அடிச்சட்டம்) செய்து கொடுத்தவர்கள் ஜான், ஹொரேஸ் டாட்ஜ் சகோதரர்கள். மால்கம்சன் ஆறு சிலிண்டர் மாடல் கே போன்ற விலை உயர்ந்த கார்களை விரும்பினார். ஃபோர்டு விரும்பியது 500 டாலர் விலையில் வந்த மாடல் என் போன்ற சின்னக் காரை. 1906-ல் மால்கம்சன் பங்கை விற்றுவிட்டுப் போனதும் பாதை ஒன்றாகிவிட்டது.

டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் ஒரு மூலையைத் தடுத்து, 1907 தொடக்கத்தில் மாடல் டி-யின் வேலை ஆரம்பமானது. வரைபடம் போட்டவர் ஹங்கேரியில் பிறந்த ஜோசப் கலம்ப். உலோக விஷயம் ஹரோல்ட் வில்ஸ் பொறுப்பு. மின்சாரப் பகுதி எட்வர்ட் ஹஃப் வேலை.

காருக்குள் என்ன இருந்தது

இன்ஜின் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், 20 குதிரைசக்தி. சிலிண்டர் விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக் நாலு அங்குலம். அன்றைக்குப் பல இன்ஜின்களில் சிலிண்டர்களைத் தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ வார்ப்பார்கள். தலைப்பகுதியும் அதோடு ஒட்டியே இருக்கும். மாடல் டி-யில் நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, ஹெட் தனியாகக் கழலும். 15 போல்ட்டை எடுத்தால் ஹெட் கையில் வந்துவிடும். கரியைச் சுரண்டுவது, வால்வைப் பேஸ்ட் போட்டு அரைப்பது எல்லாம் வீட்டு முற்றத்திலேயே முடிந்தது. இந்த ஒரு முடிவு அந்தக் காரின் ஆயுளையே மாற்றியது என்பேன்.

அடுத்தது வனேடியம் ஸ்டீல். கிராங்க் ஷாஃப்ட், ஆக்சில், ஸ்பிரிங், கியர் என்று சுமை தாங்கும் இடங்களில் இந்த உருக்கைப் போட்டதால் பாகங்களை மெலிதாக்க முடிந்தது. கார் மொத்தமே ஏறக்குறைய 1,200 பவுண்டு, அதாவது 540 கிலோதான். சேற்றில் சிக்கினால் நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம். முன்னும் பின்னும் குறுக்காகப் போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங், தரையிலிருந்து ஏறத்தாழ பத்து அங்குல உயரம், மூன்றே புள்ளிகளில் உட்கார்ந்த இன்ஜின் எல்லாம் சேர்ந்து, வண்டித்தடம் பதிந்த மண்பாதையில் சேசி முறுக்கிக்கொண்டாலும் எதுவும் உடையாமல் பார்த்துக்கொண்டன.

பற்றவைக்கும் மின்சாரத்துக்கு பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலேயே 16 'வி' வடிவக் காந்தங்களைத் திருகிவிட்டார்கள். அவற்றுக்கு எதிரே அசையாமல் நிற்கும் ஒரு காயில் வளையம். இன்ஜின் சுற்றினால் மின்சாரம் வரும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மேக்னட்டோ. அது டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் நாலு மரக்கூட்டு காயில்களுக்குப் போகும், சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொரு காயிலின் தலையிலும் ஒரு துடிக்கும் பாயின்ட். ஸ்விட்சைப் போட்டு, முன்பக்கக் கைப்பிடியான கிராங்கால் இன்ஜினைச் சுற்றினால் வண்டு ரீங்காரம்போல ஒரு சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் மேலும் சுற்றிப் பிரயோஜனமில்லை.

கியர்பெட்டி கிரக கியர் வகை. பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும்; வெளியே மூன்று டிரம்களைச் சுற்றி மூன்று பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெடல். எந்தப் பட்டையை இறுக்குகிறோமோ அந்த வேலை நடக்கும். பல்லோடு பல் மோதி நொறுங்கும் ஆபத்து இல்லை. அன்று மற்றக் கார்களில் கியர் மாற்றப் பழகுவதற்கே வாரங்கள் ஆன நிலையில், இது புதியவர்களுக்குப் பெரிய வரம்.

பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் சீட்டுக்கு அடியில் பத்து கேலன் டேங்க், அங்கிருந்து கார்புரேட்டருக்குத் தானாக வழியும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, இறங்கி, சீட்டு மெத்தையைத் தூக்கி, மரக்குச்சியை விட்டு அளக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் கார்புரேட்டர் டேங்கைவிட உயரமாகிவிடும், இன்ஜின் பட்டினியில் நின்றுவிடும். அதனால்தான் மலையைப் பின்னோக்கி ஏறினார்கள். இன்னொரு காரணமும் உண்டு: லோ கியரின் விகிதம் 2.75, ரிவர்ஸின் விகிதம் 4. அந்தக் காரில் இழுவை அதிகமான கியர் ரிவர்ஸ்தான்.

தண்ணீர் பம்பும் இல்லை. முதல் 2,500 கார்களில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் மேலே போகும், ஆறியது கீழே வரும் என்ற ஏற்பாடே போதும் என்று முடிவு. ஆயில் பம்பும் இல்லை. ஃப்ளைவீல் வாரியடிக்கும் ஆயிலை ஒரு சின்னப் புனல் பிடித்து, குழாய் வழியாக முன்பக்கம் அனுப்பும். அங்கிருந்து கனெக்டிங் ராடுகள் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டுகள்) தொட்டித் தொட்டியாக அடித்துத் தெறிக்கவிடும். இந்த மூன்று 'இல்லை'களும்தான் விலையைக் குறைத்தன. பின்னால் தலைவலி தந்தவையும் இவைதாம்.

ஸ்டார்ட் செய்து ஓட்டுவது

1919 வரை இந்தக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரே கிடையாது. அதன் பிறகும் திறந்த பாடிக் கார்களுக்குக் கூடுதல் காசு கொடுத்தால்தான். எனவே கிராங்க். ஓட்டுநரின் இடப்பக்கக் கை லீவரை முழுக்கப் பின்னால் இழுக்க வேண்டும். இது பின்சக்கர பிரேக்கையும் போடும், கிளட்ச்சையும் விடுவிக்கும். ஸ்டீயரிங்குக்கு அடியில் இரண்டு லீவர். இடப்பக்கம் ஸ்பார்க், வலப்பக்கம் த்ராட்டில். இந்தக் காரில் ஆக்சிலரேட்டர் பெடல் இல்லை. ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ள வேண்டும், அதாவது தாமதப் பற்றவைப்பு. த்ராட்டிலை ஐந்தாறு பல் கீழே இறக்க வேண்டும். முன்னால் போய், ரேடியேட்டர் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் சோக் கம்பியை இழுத்துப் பிடித்து, ஸ்விட்ச் போடாமலே கிராங்கை இரண்டு கால்சுற்று மேலே இழுக்க வேண்டும். சோக்கை விட்டு, ஸ்விட்சைப் போட்டு, மறுபடி வந்து ஒரே வெட்டாக மேலே இழுத்தால் இன்ஜின் பிடிக்கும்.

இடக்கையால் இழுப்பது நல்லது, கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், எப்போதும் மேல்நோக்கி இழுக்கலாமே தவிர கீழே அழுத்தக் கூடாது. ஸ்பார்க் லீவரை மேலே தள்ள மறந்திருந்தால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே வெடித்து இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கையை மேலே இழுத்துக்கொண்டிருந்தால் உதை விரல்களைத் திறந்துவிட்டுப் போகும். கீழே அழுத்திக்கொண்டிருந்தால் மணிக்கட்டு எலும்பு போய்விடும். இப்படிக் கை முறிந்தவர்கள் அந்நாளில் ஏராளம்.

இன்ஜின் பிடித்ததும் ஓடிப்போய் ஸ்பார்க்கைப் பாதிவரை இறக்க வேண்டும். பலர் இதை மறந்து தாமத ஸ்பார்க்கிலேயே ஓட்டுவார்கள். வெடிப்பு தாமதமாக நடந்தால் சூடெல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம் போகும்; மேனிஃபோல்டு சிவக்கும், தண்ணீர் கொதிக்கும். 'மாடல் டி எப்போதும் கொதிக்கும்' என்ற கெட்ட பெயரில் பாதி ஸ்பார்க் லீவரைச் சரியாக வைக்காதவர்களால் வந்தது. மீதிக்குக் காரணம் தண்ணீர் அளவு. ரேடியேட்டரின் மேல் குழாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுற்றோட்டமே நின்றுபோகும்.

பெடல் மூன்று. இடது பெடல் கிளட்ச்: முழுக்க அழுத்தினால் லோ, பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் ஹை. நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். கிளம்பும்போது இடது பெடலைப் பாதியில் பிடித்துக்கொண்டு கை லீவரை முன்னால் தள்ளி, பிறகு பெடலை அடிவரை அழுத்தினால் கார் நகரும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் த்ராட்டிலைச் சற்றுக் குறைத்து, பெடலைச் சட்டென்று விட்டால் ஹை கியர். நிறுத்த, த்ராட்டிலை மூடி, இடது பெடலைப் பாதிக்குக் கொண்டுவந்து, வலது பெடலை அழுத்த வேண்டும். இன்றைய கார் ஓட்டிப் பழகியவருக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பதற்றத்தில் இடக்கால் கிளட்ச்சை அடிவரை மிதிக்கும், கார் நிற்பதற்குப் பதில் லோ கியரில் முன்னால் பாயும்.

எது கெடும், ஏன்

முதலில் குளிர்காலம். கிளட்ச் எஃகுத் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கின்றன. குளிரில் ஆயில் கெட்டியானால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். நியூட்ரல் என்று நினைத்துக் கிராங்க் போட்டால், இன்ஜின் பிடித்த மறுகணமே கார் எதிரே நிற்பவர் மேல் நகரும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுச் சுற்றுவது அந்நாள் வழக்கம்; தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். கை லீவரை நம்பிச் சும்மா விட்டால் போதாது, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

இன்ஜின் ஒழுங்கில்லாமல் ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது டைமர். இன்ஜினின் முன்பக்கம், கேம்ஷாஃப்ட் நுனியில் ஒரு சின்ன ரோலர் நாலு தொடுமுனைகளை மாறிமாறித் தொட்டு ஒவ்வொரு காயிலையும் இயக்கும். அதற்குள் அடிக்கடி சில சொட்டு ஆயில் விட வேண்டும். வறண்டால் தேயும், அழுக்கு சேர்ந்தால் இடையிடையே வெடிக்காமல் விடும். அடுத்தது காயில் பாயின்ட்டுகள். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தக் காயிலை அடுத்ததோடு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் காயில், அதே சிலிண்டரில் நின்றால் பிளக், வயர் அல்லது டைமர்.

பேட்டரியும் பொருத்திய கார்களில், பேட்டரியில் ஓடுகிறது, மேக்னட்டோவுக்கு மாற்றினால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் எளிய காரணம்தான். கியர்பட்டைகளின் பருத்தி லைனிங்கிலிருந்து உதிரும் பஞ்சு ஆயிலில் மிதந்து போய், கியர்பெட்டி மூடியின் மேல் இருக்கும் மேக்னட்டோ தொடுமுனையின் அடியில் படியும். மூன்று ஸ்க்ரூவைக் கழற்றித் துடைத்து மாட்டினால் தீர்ந்தது. அதற்கும் சரியாகவில்லை என்றால் பயப்பட வேண்டியது கடைசி மெயின் பேரிங்கைப் பற்றி. கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிப்பது பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையால் ஆன அந்த ஒரு பேரிங்தான். அது தேய்ந்தால் காந்தங்கள் காயில் வளையத்திலிருந்து விலகும். நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 முதல் 40 பங்குதான். கொஞ்சம் கூடினாலும் மின்சாரம் பலவீனமாகிவிடும். இதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்கியாக வேண்டும்.

அதே பஞ்சு ஆயில் குழாயையும் அடைக்கும். அடைத்தால் முதலில் காய்வது முன்பக்கத்தின் முதல் கனெக்டிங் ராடு. நீண்ட ஏற்றத்தில் ஆயில் பின்னால் வழிந்துவிடுவதால் அதே ராடுதான் அங்கும் பலியாகும். அதனால் பலர் வெளியில் ஒரு கூடுதல் ஆயில் குழாய் போட்டுக்கொண்டார்கள். இன்றும் ஓடும் கார்களில் இது கிட்டத்தட்ட கட்டாயம் என்றே சொல்லலாம். ஆயில் அளவு பார்க்க ஃப்ளைவீல் கூட்டின் அடியில் இரண்டு சின்னக் குழாய்கள் உண்டு. மேல் குழாயைத் திறந்ததும் ஒழுகினால் ஆயில் அதிகம். கீழ்க் குழாயில் ஒழுகாவிட்டால் இன்ஜினை ஓட்டவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இதைப் பார்க்கக் காருக்கு அடியில் ஊர வேண்டும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை, அதனாலேயே பேரிங் உருகியது.

பட்டைகள் தேய்வது சாதாரண விஷயம். லோ பட்டையை வெளியிலிருக்கும் ஸ்க்ரூவால் இறுக்கலாம். ரிவர்ஸுக்கும் பிரேக்குக்கும் மேல்மூடியின் சின்னக் கதவைத் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை, உள்ளே ஒரு துணியைத் திணிப்பது. கைதவறி ஒரு நட்டோ ஸ்க்ரூவோ அந்தக் குழிக்குள் விழுந்தால் அது ஃப்ளைவீல் காந்தங்களுக்கு நடுவே போய்ச் சிக்கும். தேய்மானம் ஒரே பட்டையில் விழாமலிருக்க, காரை மெதுவாக்க அவ்வப்போது ரிவர்ஸ் பெடலையே மிதிப்பது அந்நாள் ஓட்டுநர்களின் வழக்கம். மூன்று பெடலில் எதை மிதித்தாலும் கார் வேகம் குறையும் என்பது உண்மையே.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது பின் ஆக்சில். பிரேக் பெடல் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குள் டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பிடி டிரைவ் ஷாஃப்ட் வழியாக, பின் ஆக்சில் பற்சக்கரங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அந்தப் பற்சக்கரங்களை இடத்தில் பிடித்து வைப்பவை பேபிட் வாஷர்கள். வயதானால் அவை பொடிப்பொடியாக உதிரும், பற்கள் விலகும், இன்ஜினும் பிரேக்கும் சக்கரத்தோடு உள்ள தொடர்பை ஒரே நேரத்தில் இழக்கும். மிச்சமிருப்பது கை லீவரின் சிறிய பின்சக்கர பிரேக் மட்டும். லைனிங்கே இல்லாமல் வார்ப்பிரும்பு உரசும் அது இறக்கத்தில் நின்றுகொடுக்காது. பழைய மாடல் டி எதை வாங்கினாலும், ஆக்சிலைத் திறந்து வெண்கல வாஷர் போடும் முன் சாலைக்கு எடுக்கக் கூடாது. சக்கரத்தையே நேராகப் பிடிக்கும் கூடுதல் பிரேக்குகள் தனியே விற்கின்றன. அதைப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

டயர் விஷயம் சுருக்கமாக. முன்னால் மூன்று அங்குல அகலம், பின்னால் மூன்றரை. காற்று குறைந்தால் டயர் விளிம்பில் வழுக்கி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். கழலும் ரிம் 1919-ல்தான் வந்தது. அதுவரை சாலையோரத்திலேயே சக்கரத்தோடு வைத்து ஒட்டுப் போட வேண்டும்.

லைன், சம்பளம், நிறம்

1910-ல் ஹைலேண்ட் பார்க்கில் ஆல்பர்ட் கான் வடிவமைத்த புதிய தொழிற்சாலை திறந்தது. 1913 வசந்தத்தில் முதலில் லைனாக மாறியது முழுக் கார் இல்லை, மேக்னட்டோ. ஒரு ஆள் முழுதாகச் செய்தால் 20 நிமிடம் ஆன வேலை. 29 பேருக்குப் பிரித்துக் கொடுத்ததும் 13 நிமிடம் 10 விநாடி. மேசையை உயர்த்தி, சங்கிலி வைத்து நகர்த்தியதும் 5 நிமிடம். அதே ஆண்டு அக்டோபரில் சேசியைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். 12 மணி 28 நிமிடம் ஆன சேசி வேலை 1914-ல் 93 நிமிடமாகியது. இது ஃபோர்டு ஒருவரின் மூளையில் உதித்ததில்லை. வில்லியம் கிளான் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் சங்கிலியில் நகரும் உடல்களைப் பார்த்துவிட்டு வந்தவர். கிளாரன்ஸ் ஏவரி, சார்லஸ் சோரன்சன், பீட்டர் மார்ட்டின் ஆகியோர் நேரத்தைக் கணக்கிட்டுச் செதுக்கினார்கள்.

வேலை வேகமானது, வேலை செய்பவர்கள் ஓடினார்கள். 1913-ல் சுமார் 14,000 பேர் கொண்ட பட்டியலை நிரப்பி வைக்க 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆள் மாற்றம் 370 சதவீதம். 1914 ஜனவரி 5 அன்று அறிவித்த 'நாளுக்கு ஐந்து டாலர்' இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதுவரை இருந்த 2.34 டாலர்தான் கூலி; ஐந்து டாலர்வரை மிச்சம் லாபப் பங்கு, அதுவும் நிபந்தனையோடு. வீட்டுக்கு வந்து குடி, சேமிப்பு, சுத்தம் எல்லாம் விசாரிக்க ஒரு தனித் துறையே இருந்தது. தர்மசிந்தனை என்று புகழ்வதும் வெறும் தந்திரம் என்று ஒதுக்குவதும் இரண்டுமே பாதி உண்மை. ஆட்களைத் தக்கவைக்க ஆன செலவைக் கூலியாகவே கொடுத்துவிட்டார்கள்.

1908-ல் 850 டாலராக இருந்த டூரிங் கார் (திறந்த பாடி, இரண்டு வரிசை சீட்டு) 1916-ல் 360 டாலர். நடுவே 1914-ல் ஒரு வாக்குறுதியும் உண்டு: ஓராண்டுக்குள் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றால் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப. விற்றது, ஆளுக்கு 50 டாலர் காசோலை போனது.

கறுப்பு நிறம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1908 முதல் 1913 வரை சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் எல்லாம் இருந்தன. கறுப்பு மட்டும் என்பது 1914 முதல் 1925 வரை. 'கறுப்பு சீக்கிரம் காயும்' என்ற விளக்கம் ஃபெண்டர்போல முக்கி எடுத்து அடுப்பில் சுடும் இரும்பு பாகங்களுக்குப் பொருந்தும். மரச்சட்டம் கொண்ட பாடியை அப்படிச் சுட முடியாது. கறுப்பு மலிவு, உழைக்கும், ஒரே நிறம் என்றால் எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் போகும், காரணம் இவைதாம். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு வேகமாகக் காயும் டியூக்கோ லாக்கர் என்ற வண்ணப்பூச்சைக் கொண்டுவந்ததும் இந்த வாதம் செத்தது.

முடிவு

1921-ல் அமெரிக்கச் சந்தையில் பாதிக்கு மேல் ஃபோர்டு. 1924 ஜூனில் ஒரு கோடியாவது கார். அடுத்த ஆண்டு ரன்அபௌட் என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த காரின் விலை 260 டாலர், அதற்குமேல் குறைக்க இடமே இல்லை. ஆனால் ஸ்டார்ட்டரும் கழலும் ரிம்மும் வேண்டுமென்றால் இன்னொரு 85 டாலர். செவர்லே விலை அதிகம், இருந்தாலும் மூன்று கியர், மூடிய பாடி, தவணை வசதி. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லிருந்தே கடன் கொடுத்து விற்றது. ஃபோர்டு 1923-ல் கொண்டுவந்த திட்டமோ வாரம் ஐந்து டாலர் கட்டி, முழுப் பணமும் சேர்ந்த பிறகு காரை எடுத்துக்கொள்ளச் சொன்னது! செவர்லேயை நடத்தியவர் வில்லியம் நட்சன். 1921-ல் ஃபோர்டை விட்டு வெளியேறியவர். ஃபோர்டின் மகன் எட்செலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர் 1926 ஜனவரியில், இந்தக் காரோடு இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஒரு நீண்ட குறிப்பு எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் நிறுவனத்தில் இல்லை.

காரை மேம்படுத்தவும் வழியில்லாமல் போனது. ஹைலேண்ட் பார்க்கின் இயந்திரங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு பாகத்தை மட்டும் செய்யக் கட்டப்பட்டவை. கியர்பெட்டியை மாற்றினால் இன்ஜின் அடிக்கூட்டை மாற்ற வேண்டும், மேக்னட்டோ போகும், ஆயில் வழி போகும். 1908-ல் எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று அடக்கி மிச்சம் பிடித்ததால், ஒன்றை மட்டும் தொட முடியவில்லை. 1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது கார் வெளியே வந்தது. அதன்பின் மாதக்கணக்கில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு செவர்லே ஃபோர்டை முந்தியது. டிசம்பர் 2 அன்று காட்டப்பட்ட மாடல் ஏ-யில் 40 குதிரைசக்தி, மூன்று கியர், நாலு சக்கரத்துக்கும் பிரேக்.

பழைய கார்க் கண்காட்சியில் ஒரு மாடல் டி-யைப் பார்த்தால் ஆண்டைக் கண்டுபிடிக்க: ரேடியேட்டர் பித்தளை என்றால் 1916 அல்லது அதற்கு முன். கார்பைடு விளக்கு என்றால் பெரும்பாலும் 1915-க்கு முன். முன்கண்ணாடி சாய்ந்திருந்தால் 1923 அல்லது அதற்குப் பின். பாடி தாழ்ந்து, டேங்க் முன்பக்கத்துக்குப் போய், நிறமும் இருந்தால் 1926-27. இந்தியா போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஃபோர்டு கனடா நிறுவனமே வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து அனுப்பியது. 1926-ல் தொடங்கிய அன்றைய ஃபோர்டு இந்தியாவும் அதன் கிளையாகத்தான் இருந்தது. கனடா இன்ஜின்களின் எண்ணுக்கு முன்னால் 1913-லிருந்து 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எண் இன்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் குழாய்க்குச் சற்று மேலே பதிந்திருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பிக் காரின் வயதைச் சொல்லிவிட வேண்டாம்: மாற்று இன்ஜினாக விற்பதற்கென்றே ஃபோர்டு 1941 ஆகஸ்ட் 4 வரை மாடல் டி இன்ஜின்களைச் செய்துகொண்டிருந்தது. எண்ணும் பாடியும் வெவ்வேறு ஆண்டு என்று தெரிந்தால் விலை பேசும்போது அதைச் சொல்லலாம். போலி என்று முடிவு கட்டத் தேவையில்லை.